ஏழாம் எண் கொக்கி

ஒரு கேட்வே, டிபன் கேரியரின் ஒரு அடுக்கு அளவுதான் இருக்கும். உங்கள் மேஜைமேல் பாலிதீன் உறையில் சீல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். அதன்மேல் ‘பழுதடைந்த கருவி’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். என்னை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தியாகராசன். ஓமானில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஒன்பது வருடம் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் வேலை பார்த்தேன். திரும்பி வந்து கும்பகோணத்தில் தங்கி, வாய்க்கால் ஷட்டர்களுக்கு மோட்டார் வைக்கும் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். குடவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊர் வழியாகப் போகும் கிளை வாய்க்காலில் ஆறு ஷட்டர்கள். ஆறையும் குடவாசல் அலுவலகத்துக் கணினியோடு இணைத்தவன் நான்.

எப்படி இணைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது. ஒவ்வொரு ஷட்டர் மோட்டாரிலும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. எல்லாப் பெட்டிகளும் இரண்டே கம்பிகளில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும். தானாக வாய் திறக்காது. அலுவலகத்துக் கணினிக்கோ அந்தப் பேச்சு தெரியாது. அதன் பேச்சு வேறு, வேகம் வேறு. கேட்வே இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நொடிக்கொரு முறை ‘ஒன்றே, எப்படி இருக்கிறாய், இரண்டே, எப்படி இருக்கிறாய்’ என்று விசாரித்து, வந்த பதில்களை ஒரு அட்டவணையில் எழுதி வைக்கும். கணினி கேட்டால் அந்த அட்டவணையைக் காட்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அலுவலகத்தில் இருப்பவர் ஷட்டரைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் பார்ப்பது அட்டவணையை. கருவி பதில் சொல்லாமல் போனால் அட்டவணையில் எதைக் காட்டுவது என்பதை, அமைக்கிறவன் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ‘பழுது’ என்று காட்டச் சொல்லலாம். கடைசியாக வந்த பதிலையே தொடர்ந்து காட்டவும் சொல்லலாம். இரண்டுக்கும் உபயோகம் உண்டு. மழைக்காலத்தில் கம்பி நொடி நேரம் துண்டித்துத் துண்டித்து வரும்போது இரண்டாவதுதான் நல்லது.

இப்போது ஐயாவுவைப் பற்றி.

எங்கள் அப்பாவுக்கு அந்த வாய்க்கால் பாசனத்தில் பதினான்கு மா நிலம். ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் குத்தகைக்குப் பயிர் செய்தவர் ஐயாவுவின் அப்பா. குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவர் பெயர் ஏறியது. அவருக்குப் பின் ஐயாவுவின் பெயர். ஆட்சி மாறினால் இதெல்லாம் மாறும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து முறை மாறியது. கோட்டைக்குப் போன கொடியின் நிறம் மாறியதே தவிர, பதிவேட்டில் ஐயாவு அப்படியே இருந்தார். அப்பா தாலுகா அலுவலகப் படியிலேயே மூச்சு முட்டி இறந்தார்.

ஐயாவு கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். குத்தகை நெல்லை ஒரு போகம் தவறினாலும் சட்டப்படி வெளியேற்றலாம். அந்த மனிதர் தவறவே மாட்டார். வெள்ளம் வந்த வருடம்கூட வேறெங்கோ வாங்கி வந்து அளந்தார். பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி தனியாகக் கொண்டுவந்து வைப்பார். “நம்ம வயல் அரிசி தம்பி, சாப்புட்டுப் பாருங்க” என்பார். என் நிலத்து அரிசியை எனக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, என் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போவார்.

விற்க முடியாது, பயிர் செய்ய முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. ஓமானில் ஆறு பேர் அறையில் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்து, அந்த வரப்பில் நடப்பதாக நினைத்துத்தான் ஒன்பது வருடத்தைத் தள்ளினேன். வந்த பிறகு வரப்பில் நடந்தால் எதிரே அவர் நிற்பார். ஒதுங்கி எனக்கு வழி விடுவார். வழி விடுகிறவர்தான் சொந்தக்காரர் என்று எனக்கு அப்போது தோன்றும். உங்களுக்கு அந்த உணர்வு தெரியுமா என்று தெரியவில்லை. சுவர் இல்லாமலே ஒரு அறைக்குள் இருப்பது போல இருக்கும்.

போன சித்திரையில், அப்பா போட்டுவிட்டுப் போன குத்தகை வழக்கின் கடைசித் தீர்ப்பும் அவர் பக்கம் வந்தது. வக்கீல் ஒன்று சொன்னார். குத்தகைதாரர் இறந்தால், வாரிசு தன் உடலுழைப்பால் பயிர் செய்தால்தான் உரிமை தொடருமாம். ஐயாவுவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மகள் ராஜாத்தியைச் சுவாமிமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மனைவி நாகம்மாளுக்கு முழங்கால் மடங்காது. வக்கீல் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

மூன்றாம் ஷட்டருக்குக் கீழே ஒரு சைபன் இருக்கிறது. வாய்க்கால் அந்த இடத்தில் வடிகாலைக் கடக்க வேண்டும். அதனால் வடிகாலுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் ஏறும் கான்கிரீட் குழாய் ஒன்று கட்டியிருக்கிறார்கள். இருபத்தொரு மீட்டர். நிமிர முடியாது, தவழ்ந்துதான் போக வேண்டும். ஆகாயத்தாமரை அதில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. தண்ணீர் முறை வைத்து வருகிற காலத்தில், வாய்க்காலை மூடி வைத்திருக்கும் நாட்களில் கடைசி நாள் காலையில் யாராவது உள்ளே இறங்கி வாருவார்கள். பன்னிரண்டு வருடமாக ஐயாவுதான் அந்த யாராவது.

இறங்குகிறவர் தன் துண்டை ஷட்டர் சக்கரத்தில் கட்டிவிட்டு இறங்குவார். துண்டு இருக்கிறவரை, ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் சக்கரத்தைத் தொடமாட்டார். எந்த உத்தரவிலும் எழுதாத வழக்கம். லஸ்கர் மீரா உசேன் பாய் முப்பது வருடம் அந்த வாய்க்காலில் வேலை பார்த்தவர். ஒருமுறை மேலதிகாரி ஜீப்பில் வந்து திறக்கச் சொல்லியும், துண்டைக் காட்டி முக்கால் மணி நேரம் நிற்க வைத்தவர்.

மோட்டார் வந்த பிறகு சக்கரத்தைச் சுற்ற ஆள் தேவையில்லை. பாய் குடவாசல் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்தார். சைபனில் வைத்து ஐயாவு என்னிடம் கேட்டார்:

“தம்பி, எல்லாம் சரி. அந்தப் பொட்டிக்கு என் துண்டு தெரியுமா?”

நல்ல கேள்வி. ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, ஆனால் நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்து ஒரு கொக்கி செய்தேன். ஸ்பிரிங் வைத்த இரும்புக் கொக்கி. துண்டை மாட்டினால் அதன் கனத்தில் அரை அங்குலம் இறங்கும். இறங்கினால் உள்ளே ஒரு ஸ்விட்ச் விழும். அந்த ஸ்விட்சுக்கு ஒரு சின்னப் பெட்டி வைத்து ஏழாம் எண் கொடுத்தேன். ஏழு ‘துண்டு இருக்கிறது’ என்றால் திரையில் பச்சை வட்டம் சிவப்பாகும். மூன்றாம் ஷட்டர் எந்தக் கட்டளைக்கும் திறக்காது. ஏழு பதிலே சொல்லாவிட்டாலும் திறக்காது. முதலில் அப்படித்தான் அமைத்தேன். அது முறையான அமைப்பு. உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்.

சோதித்துக் காட்டிய அன்று பாதி ஊர் வந்திருந்தது. ஐயாவு தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொக்கியில் போட்டார். பாய் குடவாசலிலிருந்து ஸ்பீக்கர் போனில், “செவப்பு வந்துருச்சு. நான் அமுக்கு அமுக்குன்னு அமுக்குறேன், ஷட்டர் நகரலய்யா” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

நாகம்மாள், “முப்பது வருசமா இந்தத் துண்டை நான்தான் தொவைக்கிறேன். இப்பத்தான் அதுக்கு ஒரு மரியாத வந்துருக்கு” என்றாள்.

“துண்டுக்குத்தான் மரியாத. ஒனக்கு இல்ல” என்றார் ஐயாவு. “ஒங்களுக்கும் இல்ல, போங்க” என்றாள் அவள்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “இனிமே ஒரு பயமும் இல்ல தம்பி.” என் வேலையை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. அன்று எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இருக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றாம் ஷட்டருக்குப் போனேன். சைபனில் தேங்கியிருந்ததை டீசல் என்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை பதினொரு மணிக்குத் திறப்பு. லேப்டாப்பைக் கேட்வேயில் சொருகினேன். இரண்டு இடத்தில் மாற்றினேன். ஏழாம் எண்ணை விசாரிக்க வேண்டாம் என்பது ஒன்று. பதில் இல்லாவிட்டால் கடைசிப் பதிலையே வைத்துக்கொள் என்பது இரண்டாவது. கடைசிப் பதில், ‘துண்டு இல்லை’. மழைக்காலத்துக்காக மாற்றினேன் என்று விசாரணையில் சொல்லலாம் என்று அப்போதே நினைத்தேன். அப்படி நினைத்ததால், அது பாதி உண்மைபோல எனக்கே தோன்றியது.

புதன்கிழமை நான் குடவாசல் அலுவலகத்தில் இருந்தேன். பத்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. வெளியே வந்து பேசினேன்.

“தம்பி, கொக்கியில மாட்டிட்டேன். செவப்பு வந்துருச்சா, ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க.”

“வந்துருச்சுண்ணே. நீங்க எறங்குங்க.”

“சரிங்க தம்பி. இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு, ஒரு மணி நேரத்துல வந்துருவேன். நாகம்மாதான் அந்தப் பக்கம் நிக்கிறா, வாருன கூடைய இழுத்து வாங்க.”

உள்ளே போனேன். பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்திருந்தார்.

“தியாகு, இன்னிக்குக் கடைசி நாளாச்சே. ஐயாவு எறங்கியிருப்பானே. செவப்பைக் காணுமே?”

“இந்நேரம் ஏறியிருப்பாரு பாய்.”

“ஒரு போன் போட்டுக் கேட்டுடவா?”

“கொக்கிய எதுக்கு வச்சோம்? பச்சை இருக்குல்ல. தொறங்க.”

முப்பது வருடம் துண்டைப் பார்த்து வேலை செய்த மனிதர், அன்று பச்சை வட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அமுக்கினார். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

ஷட்டர் ஒரு அடி திறந்தால் சைபன் நிறைய ஐம்பது நொடி ஆகும். இதை நான் பின்னால்தான் கணக்குப் போட்டேன். இல்லை, முன்பே போட்டேன். சரியாகவே சொல்லிவிடுகிறேன். தவழ்ந்து பாதி தூரம் வர ஒன்றரை நிமிடம். நாகம்மாள் மறுபக்கம் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வடிகால் கரை மறைப்பதால் அவளுக்கு ஷட்டர் தெரியாது. கயிறு இழுபடுவதைப் பார்த்து, கூடை நிறைந்துவிட்டது என்று நினைத்து அவளும் இழுத்தாளாம். கூடைதான் வந்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. பாய் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார். காலையில் சைபனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வருகிறார் என்று சொல்கிறார்கள். அவரிடம் பொய் சொன்னது கொஞ்சம் உறுத்துகிறது. நிலமும் கிடைக்கவில்லை. காரியம் முடிந்த பதினேழாம் நாள் ராஜாத்தி சுவாமிமலையிலிருந்து வந்து சேற்றில் இறங்கிவிட்டாள். சம்பா நாற்றை அவளே நட்டாள். பதிவேட்டில் அவள் பெயர் ஏறப்போகிறது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. நான் இருக்கிறவரை அவளும் இருப்பாள்.

போன வாரம் வரப்பில் அவள் எதிரே வந்தாள். ஒதுங்கி எனக்கு வழி விட்டாள். பிறகு கேட்டாள்:

“அண்ணே, அப்பா கடைசியா ஒங்ககிட்டத்தான் போன்ல பேசுனாருன்னு அம்மா சொல்லுது. என்ன பேசுனாரு?”

“சும்மா, எப்பவும் போல” என்றேன்.

“அந்தப் பொட்டிதான் அவர ஏமாத்திருச்சு. ஒங்கமேல குத்தம் சொல்லல. நீங்க பாவம், அவருக்காகத்தான் அந்தக் கொக்கியச் செஞ்சீங்க.”

அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விசாரணை அறிக்கையிலும் பெட்டிமேல்தான் எழுதியிருக்கிறார்கள். ‘கேட்வே கருவியின் செயலிழப்பு.’ மோட்டாரைக் கழற்றிவிட்டு ஆறு ஷட்டர்களையும் மறுபடி கையால் சுற்றுகிறார்கள். டீக்கடையில் அந்தப் பெட்டியைக் கொலைகாரப் பெட்டி என்கிறார்கள்.

உறையைப் பிரித்து அதற்கு மின்சாரம் கொடுங்கள். பாஸ்வேர்டு எழுதித் தருகிறேன். உள்ளே மாற்றங்களின் பதிவு இருக்கும். செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பதினான்கு, என் பெயர், இரண்டு மாற்றங்கள். நேரம் ஒரு நொடி பிசகாது. கடிகாரத்தை நான்தான் சரிபார்த்து வைத்தேன். பதிவை அழித்திருக்கலாம். அழிப்பது முறையான வேலை இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

ஐயாவுவை நான்தான் கொன்றேன். தெரிந்து, கணக்குப் போட்டு, அவரிடம் ஒன்றும் பாயிடம் ஒன்றும் சொல்லிக் கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அந்தப் பெட்டிமேல் இருக்கும் சீட்டைக் கிழித்துவிடுங்கள். அது ஒரு தவறும் செய்யவில்லை. அதன்மேல் வீண்பழி இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.