கழுத்தில் கட்டிய சீட்டு

எனக்குச் சாளை மீன் பிடிக்காது. அதன் வாடை லேசில் கையை விட்டுப் போகாது. ஆனாலும் நாலு வருடம், வேலை விட்டு வரும் வழியில் நின்று தினமும் நாலு சாளை வாங்கினேன். பூனைக்கு அதுதான் பிடிக்கும்.

ஸ்டெர்லின், பூனையைப் பார்த்த டாக்டரின் போன் நம்பரை நேற்று நீ என்னிடம் கேட்டாய். "அம்மா மூணு நாளா சோறு திங்கல மாமா. பூனைக்கு என்ன வியாதின்னு அந்த டாக்டரே அம்மாட்ட சொல்லட்டும்" என்றாய். நம்பர் என்னிடம் இருக்கிறது. அதைத் தருவதற்கு முன்னால் நானே எழுதித் தந்துவிடுவது நல்லது என்று தோன்றியது. உனக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் அம்மாவே வாசித்துக்கொள்ளட்டும்.

நான் கோடவுனில் மூட்டை தூக்குகிறவன். என் வீட்டுக்காரி மகளின் பேறுகாலம் பார்க்க நாங்குநேரிக்குப் போனாள். பிறந்த பேத்தி இப்போது பால்வாடிக்குப் போகிறாள். போன் போட்டால், "வாறேன், வாறேன், இந்த மாசம் கழியட்டும்" என்பாள். அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் நான் ஒற்றையாக இருந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவள் ஊருக்குப் போன அந்த வருடமே பூனை வந்தது. வரும்போதே கிழடு. காது ஒன்று கிழிந்திருந்தது. நான் கதவைத் திறக்கும் முன்பே கத்தத் தொடங்கும். இரண்டு சாளை போட்டால் தின்றுவிட்டு மறுபடி கத்தும். நாலும் போட்டால் என் சோற்றுத் தட்டைப் பார்த்துக் கத்தும். முட்டை பொரித்தால் பாதி அதற்கு. பல நாள் வெறும் ரசச் சோற்றோடு எழுந்திருக்கிறேன். எனக்கு அது பாரமாக இல்லை. நான் வந்தால்தான் சாப்பாடு என்று இந்த இந்திக்கார ஊரில் ஒரு உயிர் காத்திருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவேன்.

போன வருடம் கத்தல் அதிகமானது. தின்னத் தின்ன உடம்பு வற்றியது. மிருகங்களைப் பார்க்கிற வேன் மாதம் ஒருமுறை மசூதி முக்குக்கு வருமே, அதில் கொண்டுபோய்க் காட்டினேன். கிழப் பூனைகளுக்குத் தொண்டையில் ஒரு கோளாறு வரும், எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது என்று டாக்டரம்மா சொன்னார். தினமும் மாத்திரையை மீனுக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னார். கண்ட இடத்தில் தின்னவிடாதீர்கள் என்றும் சொன்னார். ஆகவே பிறகு அதன் கழுத்தில் கட்டிய சீட்டில் நான் எழுதியதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஒரு நாள் லாரி வரவில்லை. மத்தியானமே வீட்டுக்குத் திரும்பினேன். உன் அம்மா உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் என் பூனை.

"ஆரு பூனை இது?" என்று கேட்டேன்.

"நம்ம ரோஸிதான் அண்ணாச்சி. ரொம்ப வருசமா இங்கனதான் கெடக்கா. சோறு போட ஒரு நாதியில்ல, பாவம். நாந்தான் ரெண்டு நேரமும் போடுதேன்."

"நாதியில்லன்னு ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

"ஆரு சொல்லணும்? அது கத்துத கத்து கேக்கலியா? வயித்துக்குக் கெடைக்காத பூனைதான் இப்பிடிக் கத்தும்."

பூனை தின்று முடித்துவிட்டு என் காலை உரசாமல் தாண்டிப் போனது. நான் பின்னால் போனேன். முகம்மது ஹனீபின் மட்டன் கடையில் அதற்குப் பெயர் பேகம். "வாங்க பேகம் சாஹிபா, இன்னிக்கி ஏன் லேட்டு?" என்று அவர் ஒரு துண்டு ஈரலை வீசினார். "நம்ம வீட்டுப் பொம்பள மாதிரி சொரிமுத்து பாய். நம்மள விட்டா அதுக்கு யாரு?" என்றார். அங்கிருந்து விஜயராணியின் இட்லிக் கடை. அங்கே குண்டம்மா. பாலில் ஊறவைத்த இட்லி. விஜயராணியும் அதையேதான் சொன்னாள், அதற்கு யாருமில்லை என்று.

சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது, விடிந்ததிலிருந்து பட்டினி போல அது என்னைப் பார்த்துக் கத்தியது. அந்தக் கத்தலை நான் நாலு வருடம் நம்பியிருந்தேன்.

நான் கோபப்படவில்லை. அதை நீ நம்ப வேண்டும். கம்பை எடுக்கவில்லை, காலால் தள்ளவுமில்லை. உட்கார்ந்து யோசித்தேன்.

கோடவுனில் ஒவ்வொரு மூட்டையின் கழுத்திலும் ஒரு சீட்டுக் கட்டுவோம். உள்ளே என்ன சரக்கு, எங்கே போக வேண்டும் என்று அதில் இருக்கும். சீட்டு இருந்தால் எவனும் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அந்தச் சீட்டை வாசிப்பதற்காகத்தான் ஐம்பத்துமூன்று வயதில் உங்கள் வேதக்கோயில் ஹாலில் சாயங்கால வகுப்புக்கு வந்தேன். தமிழ் எழுத்து ஒரு வருடம், இந்தி எழுத்து ஒரு வருடம். படித்த பிறகு கையெழுத்தைத் தவிர வேறு எதையும் யாருக்கும் எழுதிக் கொடுக்க வாய்க்கவில்லை.

ஒரு பிளாஸ்டிக் சீட்டு எடுத்துவந்து, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இந்தியிலும் எழுதினேன். "எனக்கு உடம்பு சரியில்லை. யாரும் சாப்பாடு தரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொரிமுத்து வீட்டில் மட்டும் சாப்பிடுவேன்." பூனை கழுத்தை நீட்டிக் கொடுத்தது. நாடாவால் கட்டினேன்.

எல்லோரும் சீட்டுச் சொன்னபடி கேட்டார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வாயால் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு பேச்சுப் பேசியிருப்பார்கள். எழுதியிருந்ததால் எதிர்ப்பேச்சு இல்லை. உன் அம்மா மீன் சட்டியை மூடி அதன்மேல் கல்லை வைத்தார். ஹனீப் தண்ணீர் தெளித்து, "சாரி பேகம், டாக்டர் மனா கியா, குடுக்கக்கூடாதுன்னுட்டாங்க" என்று விரட்டினார். விஜயராணி கடைக்கு வருகிறவர்களையும் தடுத்தாள். "நீங்க இம்புட்டுப் பொறுப்பான ஆளுன்னு தெரியாம போச்சே அண்ணாச்சி" என்றாள்.

சீட்டில் எழுதியபடி அது என் வீட்டில் மட்டும் சாப்பிட்டிருக்கலாம். முதல் நாள் மீனைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அது நேரே உன் வீட்டுக்குப் போய், அங்கே விரட்டியதும் இரண்டு கடைக்கும் போய், அங்கேயும் விரட்டியதும் கடைசியாக என்னிடம் வந்தது. எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. வேறு போக்கிடம் இல்லாமல் வருவது வருவதாகுமா? என்னைத் தேடி வரட்டும், அப்போது போடலாம் என்று மீனைப் பாத்திரத்தில் போட்டு மூடினேன்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் முதல் அது வேறெங்கும் போகவில்லை, என் கதவிலேயே இருந்தது. ஆனால் அது என்னைத் தேடி இருக்கிறதா, பசிக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கத்தல் நின்றால் தெரியும் என்று காத்திருந்தேன். மீனுக்குள் வைப்பதுதான் மாத்திரை, ஆகவே மாத்திரையும் இல்லை. சாளை வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்கி வந்து அதன் முன்னாலேயே கழுவி, பொரித்து, நான் தின்றேன்.

ஐந்தாம் நாள் உன் அம்மா கேட்டார். "என்ன அண்ணாச்சி, தொண்ட கிழியக் கத்துதே?"

"டாக்டரு அளவாத்தான் குடுக்கச் சொல்லிருக்கு."

"அப்பம் சரி. எழுதிப் போட்டது நல்லதாப் போச்சு. இல்லன்னா நாங்களே குடுத்துக் கெடுத்திருப்போம்."

எட்டாம் நாள் கத்தல் நின்றது. வாயைத் திறக்கும், சத்தம் வராது. அன்றைக்குப் போடலாம் என்றுதான் இருந்தேன். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று விட்டேன்.

பத்தாம் நாள் காலையில் அது உங்கள் வாசற்படியில் செத்துக் கிடந்தது. என் வாசலில் இல்லை. நடுவில் ஆறு வீடு. எழுந்து நிற்க முடியாத உடம்போடு ஆறு வீடு தாண்டிப் போயிருக்கிறது.

உன் அம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "நாந்தான் கொன்னுட்டேன் அண்ணாச்சி. நேத்து நீங்க வேலைக்குப் போன பொறவு, மனசு கேக்காம ஒங்க வாசல்ல வந்து ஒரே ஒரு மீன்தலையப் போட்டுட்டேன். சீட்ட வாசிச்ச பொறவும் போட்டேன். அந்தத் தலதான் வெசமாயிட்டு."

நான் மறுக்கவில்லை. "விடுங்க, தெரியாமத்தான செஞ்சிய" என்றேன். அதிலிருந்துதான் அவர் சாப்பிடவில்லை.

ஆகவே டாக்டரிடம் கேட்க ஒன்றுமில்லை. அது வியாதியால் சாகவில்லை, மீன்தலையாலும் சாகவில்லை. போடுவதற்கு மூன்று வாசல் இருந்த பூனையை ஒரு சீட்டைக் கட்டி நான்தான் பட்டினி போட்டுக் கொன்றேன். இதை அம்மாவிடம் சொல். அவர் சாப்பிடட்டும்.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல். அவர் மட்டும் அந்தத் தலையைப் போடாமல் இருந்திருந்தால் அது என் வாசலிலேயே இருந்திருக்கும். மறுநாள் நானே போட்டிருப்பேன்.