பயிற்சிக்கு ஒரு கால்

– கண்ணை மூடுங்க அத்தை. இடுக்கு வழியாப் பாக்கக் கூடாது, சரியா?

– மூடிட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. உன் புருஷனைப் பெத்தப்பகூட என்னை யாரும் இவ்வளவு நேரம் படுக்க வெச்சுத் தடவலை.

– தடவலை அத்தை, பஞ்சால தொடறேன். பட்டா படுதுன்னு சொல்லுங்க. இப்ப?

– படுது. வலது கை, சுண்டு விரல், நகத்துக்குக் கீழ.

– இவ்வளவு விவரம் வேணாம். படுதுன்னா போதும்.

– தையல் கம்பெனியில செக்கிங் பார்த்தவ நான். ஒரு நூல் பிசிறா இருந்தா எந்த மடிப்புலன்னு சொல்லாம விட்டதில்ல. இப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு. இந்த நோயாளி பாத்துக்கற படிப்பை அவங்க எதுக்குச் சும்மா சொல்லித் தர்றாங்க?

– சும்மா இல்ல. அரசாங்கம் பணம் கொடுக்குது. வேலை இல்லாதவங்களுக்குத் தொழில் கத்துக்கொடுத்து, வேலையிலயும் சேர்த்து விடறாங்க. இப்ப? இது இடது கை.

– படுது, மணிக்கட்டு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேம்பாங்க. நான் பாக்காமத்தான் ஏமாந்தேன். கம்பெனியை மூடினப்ப இதே மாதிரி ஓர் ஆபீஸ்ல போய்ப் பதிஞ்சேன். வேலை வந்தா கார்டு போடறோம்னாங்க. எங்க தெருத் தபால்காரரே ரிட்டயராகிட்டாரு, கார்டு வரலை.

– அது அந்தக் காலம். இப்ப நம்மளைச் சேர்த்துவிட்டாத்தான் சென்டருக்கே மீதிப் பணம் வரும்.

– பாத்தியா. அப்ப எங்கயாவது தள்ளிவிட்டுக் கணக்கு காட்டுவாங்க. சேர்ந்த மூணாம் நாள் வேலை இல்ல, போன்னு சொன்னா?

– சொல்ல மாட்டாங்க. நாளைக்குப் பரீட்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸே வர்றாங்க. யாரு நல்லாச் செய்யறாங்களோ, அங்கயே ஆர்டர்.

– கையெழுத்துப் போட்ட ஆர்டரா, வாய் ஆர்டரா?

– கையெழுத்துதான் அத்தை. போன தடவை பாஸான ரெண்டு பேரு இன்னும் அங்கதான் வேலை பாக்கறாங்க. நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன். நீங்க வளர்த்த சந்தேகம் எனக்கும் கொஞ்சம் இருக்குல்ல.

– ஏதோ, என்கிட்டேர்ந்து அதையாவது எடுத்துக்கிட்டியே. சரி, நேத்து போன்ல யார்கிட்டயோ, “எங்க அத்தையைக் கூட்டிட்டு வந்து படுக்க வெச்சிடறேன்”னு சொன்னியே. என்னை எங்க படுக்க வைக்கப் போற?

– பரீட்சைக் கட்டில்ல! நோயாளியா நடிக்க ஆளுக்கொருத்தரை வீட்டுலேர்ந்து கூட்டிட்டு வரணும்னு போன வாரமே சொன்னேனே. நீங்க வேற எதை நெனச்சீங்க?

– வயசானவங்களை விட்டுட்டு வர்ற இடம் ஊருக்கு நாலு தொறந்திருக்கான். மாமியாருன்னா எதையும் நெனப்பா. எதிர் வீட்டு டெய்லரம்மாவைக் கூட்டிட்டுப் போ. கொழுகொழுன்னு இருப்பா, தொட்டாலே சிரிப்பா. எனக்கு நாளைக்கு ஆகாது.

– என்ன வேலை உங்களுக்கு நாளைக்கு?

– வேலை இருந்தாத்தான் வர மாட்டேன்னு சொல்லணுமா?

– ஒரு வாரமா இதையே சொல்றீங்க. முதல்ல முதுகு வலின்னீங்க, அப்புறம் நல்ல புடவை இல்லன்னீங்க. சரி, காலுக்கு வர்றேன். நீட்டுங்க.

– கால் எதுக்கு? கையோட போதும். மருமக மாமியார் காலைத் தொட்டா ஊரு கண்ணு படும்.

– சர்க்கரை இருக்கறவங்களுக்குக் காலைத்தான் முதல்ல பாக்கணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. நீட்டுங்க அத்தை. இப்ப?

– படுது.

– இப்ப?

– படுது, படுது. உங்க சென்டர் ஆபீஸ்காரி வீட்டுக் கதையெல்லாம் கேட்டான்னு சொன்னியே, எதுக்காம்?

– வீட்டுல படுத்த படுக்கையா யாராவது இருக்காங்களா, பாத்துக்க வேற ஆள் இருக்கான்னு கேட்டாங்க. ராத்திரி ஷிஃப்ட் வரும் இல்ல? பாதியில நின்னுட்டா அவங்களுக்குக் கெட்ட பேரு.

– நீ என்ன சொன்ன?

– யாரும் இல்லன்னேன். எங்க அத்தை என்னையே தூக்கிப் போட்டுடுவாங்கன்னேன்.

– சிரிச்சாளா?

– சிரிச்சாங்க. எழுதிக்கிட்டாங்க. இடது காலுக்கு வந்துட்டேன். இப்ப?

– படுது. சரியாத்தான் சொல்லியிருக்க. யார் கேட்டாலும் அதையே சொல்லு. என் மகனும் கம்பெனி கேட்டைப் பார்த்துட்டுப் பார்த்துட்டுத் திரும்பி வர்றான். இந்த வீட்டுல ஒருத்தராவது காலையில கிளம்பிப் போகணும்.

– இப்ப?

– படுது. இடது கால், கட்டை விரல்.

– இப்ப?

– அதேதான். நல்லா அழுத்தித்தான் தொடற. பஞ்சா அது, கட்டையா?

– அத்தை.

– என்ன, முடிஞ்சுதா?

– கண்ணைத் தொறங்க. பஞ்சு எங்க இருக்கு பாருங்க.

– …உன் மடியில இருக்கு.

– இடது காலுக்கு வந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு. நான் தொடவே இல்ல. இப்ப இப்பன்னு கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தேன்.

– இதுவும் அந்தக் கிளாஸ்ல சொல்லித் தர்றாங்களா? மாமியாரை ஏமாத்த?

– நோயாளி மறைக்கறாங்கன்னு தோணினா இப்படிக் கேக்கணும்னு சொல்லித் தந்தாங்க. எனக்குத் தோணிச்சு. முந்தாநாள் மளிகைக் கடைக்குப் போயிட்டு ஒத்தைச் செருப்போட வந்தீங்க. வாசல்ல நின்னு, “இன்னொண்ணு எங்க?”ன்னு நான் கேட்டப்பத்தான் குனிஞ்சு பார்த்தீங்க.

– வார் அறுந்து போச்சு.

– அறுந்தது தெரியாம தெரு முழுக்க நடந்து வந்தீங்க. காலைத் திருப்புங்க. இது என்ன, குதிகால்ல புண்ணு?

– ஏதாவது கல்லு குத்தியிருக்கும்.

– எப்ப குத்திச்சு?

– தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?

– டாக்டர்கிட்டப் போனீங்களா?

– போனேன். மாத்திரை கொடுத்தாரு. காலைப் பாத்துக்க வீட்டுல ஆள் இருக்கான்னு அவரும் கேட்டாரு. எல்லாருக்கும் இதே கேள்விதான் போல.

– அதனாலதான் நாளைக்கு வர மாட்டேன்னீங்களா?

– அங்க ஒரு தலைமை நர்ஸ் வர்றா. உனக்கே தெரிஞ்சது அவளுக்குத் தெரியாதா? பாஸ் போட வேண்டிய கையால வீட்டுல ஆள் படுக்கப் போகுதுன்னு எழுதிட்டுப் போவா. டெய்லரம்மாகிட்ட நான் நேத்தே சொல்லி வெச்சுட்டேன். காலையில குளிச்சு ரெடியா இருப்பா.

– எப்பலேர்ந்து அத்தை இது?

– நீ அந்தக் கிளாஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே.

– அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– சொல்லியிருந்தா நீ சேர்ந்திருக்கவே மாட்ட. இதே வேலையை இந்தக் கட்டிலோரம் உக்காந்து பார்த்துக்கிட்டிருப்ப, சம்பளம் இல்லாம.