கறுப்படிச்ச வரி

இல்ல கீத் சார், இன்னும் உங்களைக் கூப்பிடல. உள்ள நம்ம வக்கீல்தான் ஏதோ படிச்சுக்கிட்டு இருக்காரு. இன்னும் அரை மணி ஆகும். உக்காருங்க, வெறும் பெஞ்சுதான், ஒட்டிக்காது. ரொட்டி சாப்பிடறீங்களா? நானே சுட்டது, நடுவுல சாஸேஜ் வெச்சிருக்கேன். வேணாமா? சரி. சாட்சி சொல்லப் போற நேரத்துல தொண்டையில இறங்காதுதான்.

நானா? விடிஞ்சதும் கிளம்பிட்டேன். மலையை விட்டு இறங்கறதுக்கே ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டு மணி நேரம் தலைநகருக்கு. ஏழு பெட்டி பேப்பர் வண்டியில. பதினொரு வருஷமா நான்தானே கொண்டாறேன். நீங்க விமானத்துல வருவீங்க, பேப்பர் என்கூட வரும்.

பதினொரு வருஷத்துல நீங்க என் பக்கத்துல உக்காந்தது இதுதான் முதல் தடவை, தெரியுமா? விலை ஏத்தற பிரிவுக்கே நீங்கதான் தலை. உங்களுக்கு ஆயிரம் வேலை. பேப்பர் கட்டைக் கொண்டாந்து என் மேசையில வெப்பீங்க, வெர்னா, இது ரகசியம், கறுப்படிச்சிரும்பீங்க. அடிச்சிருவேன். கரண்டு விலையை முடிவு பண்ற இந்தக் கமிஷனுக்கு முழு காப்பி ஒண்ணு, ஒட்டி முத்திரை வெச்சு. ஊர் ஜனம் பாக்கறதுக்கு இன்னொண்ணு, கறுப்படிச்சது. கரண்டு விலை ஏத்தணும்னா ஏன்னு ஜனங்களுக்குக் காட்டணும்னு சட்டம் இருக்கில்ல? காட்டினோமே. கறுப்பாக் காட்டினோம்.

சிரிங்க, பரவாயில்ல. நானும் சிரிச்சிருக்கேன். ஏன் ரகசியம்னு ஒரு காரணம் எழுதணுமே, அதுல எப்பவும் ஒரே வரிதான் டைப் அடிப்பேன்: போட்டிக் கம்பெனிகள் தெரிஞ்சுக்கும்னு. எந்தப் போட்டிக் கம்பெனி சார்? எங்க மலையில நம்ம கம்பியை விட்டா மின்னல்தான் இருக்கு.

ஆனா பாருங்க, ஒரு வரியைக் கறுப்படிக்கணும்னா முதல்ல அதைப் படிச்சாகணும். எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு பாக்க வேணாமா? கம்பெனியில எல்லாத்தையும் படிச்சவ நான் ஒருத்திதான். நீங்ககூட அவ்வளவும் படிச்சிருக்க மாட்டீங்க.

அக்டோபர் கூட்டம் ஞாபகம் இருக்கா? அதான் சார், ஜனங்ககிட்ட கருத்துக் கேக்கறோம்னு ஏரிக்கரை விடுதியில வெச்சீங்களே. செவ்வாக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி. பேப்பர்ல அறிவிப்பு வந்துச்சு, வரலன்னு சொல்ல முடியாது. மாட்டுச் சந்தை ஏலத்துக்குக் கீழ, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. எங்க மலைப்பக்கத்துலேந்து எழுபது மைல், பஸ் கிடையாது. நாற்காலி இருநூறு போட்டிருந்தீங்க, வந்தது எட்டு பேர். நான்தான் வாசல்ல உக்காந்து பேர் எழுதினேன்.

மூணாவதா பேசினாரே ஒருத்தர். மூக்குல குழாய், சக்கரம் வெச்ச சிலிண்டரை இழுத்துக்கிட்டு... ஆமா, அவரேதான். ஆர்லி கோடில். முப்பத்தோரு வருஷம் சுரங்கத்துல இறங்கினவரு, நெஞ்சு பூரா கரித்தூசி. வெளியில வந்தா சிலிண்டர். வீட்டுல ஆக்ஸிஜன் மிஷின், அது நாள் பூரா ஓடணும், ஓடறது நம்ம கரண்டுல. அவரு பெரிசா ஒண்ணும் கேக்கல. மூடிப்போட்ட மின் நிலையத்துக்கு நாங்க ஏன் இன்னும் காசு கட்டறோம், அதுக்குப் பதில் இந்தக் கறுப்புக்கு அடியிலதான் இருக்கும், அதைக் கொஞ்சம் காட்டுங்கய்யான்னாரு. அந்த ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை மூச்சு வாங்கினாரு. மைக்கை அணைச்சிட்டீங்க.

என்னது? மூணு நிமிஷம்தான் விதியா? தெரியும் சார். அந்த விதியை டைப் அடிச்சது யாரு?

அப்புறம் ஒரு பதில் சொன்னீங்க. அது வர்த்தக ரகசியம், பில்லு குறையணும்னா தேவையில்லாத மிஷினையெல்லாம் அணைச்சு வைங்கன்னு. ஆமா, எல்லாருக்கும் சொல்றதுதான், துண்டுச் சீட்டுலகூட அச்சடிச்சிருக்கோம். ஆனா சிலிண்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற ஆள்கிட்ட சொன்னீங்க. பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. ரெண்டு பேரும் நம்ம ஆபீஸ்.

டிசம்பர்ல விலையைத் தற்காலிகமா ஏத்திக்கலாம்னு கமிஷன் சொல்லிச்சு. ஜனவரி பில்லு வந்ததும் அவரு பகல்ல மிஷினை அணைக்க ஆரம்பிச்சாரு. யாருக்கும் தெரியாது. பொண்டாட்டி பள்ளிக்கூடத்துல சமையல்காரி. அவ காலையில கிளம்பினதும் அணைப்பாரு, அவ வண்டிச் சத்தம் கேட்டதும் போட்டுருவாரு. பிப்ரவரி ஒன்பதாம் தேதி பனி கொட்டிச்சுன்னு பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுட்டாங்க. வந்து பாத்தா அடுப்படி நாற்காலியில உக்காந்திருக்காரு. சட்டை மேல சட்டையா மூணு. உதடு நீலமா. வண்டிச் சத்தம் கேட்டிருக்கும் போல, ப்ளக்கு கையிலயே இருந்துச்சு. எட்டிச் சொருக முடியல.

எனக்கு எப்படித் தெரியும்னா? அவ முதல்ல போன் பண்ணினது எனக்குத்தானே. நான் அவரோட தங்கச்சி சார். நீங்க கூப்பிடற ஸ்டிட்ஹாம் எல்லாம் புருஷன் வீட்டுப் பேரு. சாவுக்கு லீவு கேட்டு உங்க ரூம் வாசல்ல நின்னேன். யாருன்னு நீங்க கேக்கல. அரை நாள் குடுத்தீங்க.

வருத்தமா? சரி, வருத்தப்படுங்க. உக்காருங்க, எங்க எந்திரிக்கறீங்க? இன்னும் கூப்பிடல.

அவரு செத்ததுக்காக உங்க மேல பாயறேன்னு நினைக்காதீங்க. எங்க அண்ணன் பிடிவாதக்காரன். காசு வேணும்னா என்கிட்டக் கேட்டிருக்கலாம், கேக்கல. அந்தக் கோபம் அவர் மேலயும் இருக்கு, என் மேலயும் இருக்கு. நாள்பட அதை முழுங்கியிருப்பேன். முழுங்க விடல நீங்க.

அடக்கம் பண்ணி எட்டாம் நாள் என் மேசையில ஒரு கட்டு கொண்டாந்து வெச்சீங்க. கூட்டத்தை எங்க வெக்கறது, எப்ப வெக்கறதுன்னு உங்களுக்குள்ள எழுதிக்கிட்ட மெயிலெல்லாம் வேணும்னு, ஜனங்க பக்கம் வாதாடற அரசாங்க வக்கீல் கேட்டிருந்தாரு. வழக்கம் போல கறுப்படிக்கணும். படிச்சேன். மலைப்பக்கம் வெச்சா கூட்டம் சேந்துரும், ஏரி விடுதின்னா ஒருத்தனும் வரமாட்டான், செவ்வாக்கிழமை எல்லாவனும் வேலைக்குப் போயிருவான்னு எழுதியிருந்தீங்க. அதுகூடப் போகட்டும், அது எனக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான். அதுக்கு அடுத்த பக்கத்துல இன்னொண்ணு. கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே எழுதினது. மூக்குக் குழாய்க் கிழவன் நல்ல தமாஷு, இனிமே ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த மாதிரி ஒருத்தனைப் பிடிச்சாந்துருங்க, மூச்சு வாங்கறதுலயே நேரம் ஓடிரும், கேள்வியே வராது. கீழ உங்க பேரு.

ரெண்டு தடவை படிச்சேன். எந்திரிச்சுப் போய்க் கை கழுவினேன். ஏன் கழுவினேன்னு தெரியல, கையில ஒண்ணும் இல்ல. திரும்பி வந்து அடிச்சேன். எங்க அண்ணனை நானே கறுப்படிச்சேன் சார்.

ஆமா, அடிச்சேன். நீங்களும் பாத்து சரின்னீங்களே. பக்கம் பூரா கறுப்பு, ஒரு எழுத்து தெரியல. ஆனா கம்ப்யூட்டர்ல அது வேற விஷயம். மேல கறுப்பைப் போடறது ஒரு வேலை. அடியில இருக்கற எழுத்தை அழிக்கறது இன்னொரு வேலை. பதினொரு வருஷமா ரெண்டையும் செஞ்சேன். இந்தத் தடவை முதல் வேலையோட நிறுத்திட்டேன். அந்தக் கறுப்பை அப்படியே காப்பி பண்ணி, வெறும் பக்கத்துல ஒட்டினா போதும், நீங்க எழுதினது புள்ளி கமா மாறாம வந்துரும். கமிஷனோட வலைத்தளத்துல வெள்ளிக்கிழமையிலேந்து கிடக்கு. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். நான் எங்க அண்ணிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சொல்லியிருக்கா.

லிஃப்ட் சத்தமா? அவங்கதான். சர்ச்சு பஸ்ஸு ரெண்டும் வந்துருச்சுன்னு நினைக்கறேன். எல்லார் கையிலயும் ஒரு தாள் இருக்கே, பாத்தீங்களா? முன்னாடி நீலக் கோட்டு போட்டுட்டு வர்றாளே, அவதான் நெல், எங்க அண்ணி. பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கு லீவு போட்டுட்டா.

என்ன சொல்றீங்க, மெதுவாச் சொல்லுங்க. தெரியாம விட்டுப்போச்சுன்னு நான் எழுதிக் குடுத்துரணுமா? குடுத்தா வேலையும் போகாது, பென்ஷனும் போகாதா? இதுக்குள்ள யோசிச்சுட்டீங்களே, அதான் நீங்க அந்த ரூம்ல இருக்கீங்க, நான் வெளிய இருக்கேன். வேணாம் சார். கேஸ் போடுங்க, வருவேன். ஆனா விட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதிராதீங்க. அந்தக் கட்டு வந்ததுலேந்து பதினெட்டு நாள் யோசிச்சு வேணும்னே செஞ்சாள்னு எழுதுங்க. ஜனங்களுக்காகச் செஞ்சாள்னும் எழுத வேணாம். பதினொரு வருஷமா ஜனங்களுக்காக நான் ஒண்ணும் கிழிக்கல. உங்களுக்காகத்தான் செஞ்சேன்.

அதோ கதவைத் திறந்துட்டாங்க. உங்க பேரைத்தான் சொல்றாங்க. டை ஒரு பக்கமாப் போயிருக்கு பாருங்க, சரி பண்ணிக்கங்க. அரசாங்க வக்கீல் முதல்ல அந்த மெயிலைத்தான் கையில குடுத்து, நீங்களே வாய்விட்டுப் படிங்கம்பாராம். கண்ணாடி இருக்கில்ல?

நிதானமாப் படிங்க சார். எங்க அண்ணிக்குக் காது கொஞ்சம் மந்தம்.