காலிமனையில் ஒரு சின்ன மேடு

ஹரிகுமார் சார், விளக்கம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். கொஞ்சம் கூடிவிடும் போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஓணம் விடுமுறையின் பத்து நாளும் கல்லூரி சர்வர் ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் உங்கள் கேள்வி. பதில் எளிது. தினமும் மாலை நான்கு மணிக்கு ஓர் அம்மா அதற்குள் நடக்க வருவார். அவர் வரும்போது கதவு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று நினைத்தேன். பெரியவர்கள் விஷயத்தில் நான் அப்படித்தான்.

காலிமனை என்பது நீங்கள் அனுமதி கொடுத்துக் கையெழுத்திட்டு, பிறகு ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத எங்கள் ஆன்லைன் உலகம். யார் வேண்டுமானாலும் மனை பிடிக்கலாம், கட்டை கட்டையாக அடுக்கி எதை வேண்டுமானாலும் எழுப்பலாம். எலெக்ட்ரிகல் பையன்கள் விமான நிலையம் கட்டினார்கள். இரண்டாமாண்டு ஸ்ரீப்ரியா கடலுக்கடியில் டீக்கடை போட்டாள். அங்கே கூட்டம் வேறு. நான் அட்மின். மற்றவர்கள் தங்கள் மனைக்குள் மட்டும் கை வைக்கலாம், நான் எங்கும் வைக்கலாம். ஊர் என்று இருந்தால் அப்படி ஒருவன் வேண்டித்தான் இருக்கிறது.

என் மனையில் நான் பிறந்த வலியசாலைத் தெருவைக் கட்டினேன். பதினான்கு மாதம். டேப் பிடித்து ஒவ்வொரு வீட்டையும் அளந்தேன். நிலைப்படியின் உயரத்தில்கூடப் பிழை கிடையாது. என் வகுப்புத் தோழன் சிபி, அவன் பிறந்த போனக்காடு எஸ்டேட்டைக் கட்டினான். தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லயம், பன்னிரண்டு வாசல், ஒரு தண்ணீர்க் குழாய், சுற்றிலும் தேயிலை. அவ்வளவுதான். அளவு எதுவும் சரியில்லை. அவனுடைய அம்மா செல்லபாய் சொல்லச் சொல்லக் கட்டியது. அப்பா இறந்த பிறகு இருவரும் கரமனையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள்.

பெற்றோர்களை அழைத்து நாங்கள் காலிமனையைக் காட்டிய நாள் உங்களுக்கு நினைவிருக்கலாம். வடை தின்ன வந்திருந்தீர்கள். செல்லபாய் அம்மா மவுஸைப் பிடித்து என் தெருவுக்குள் மெதுவாக நடந்து, ஒரு வீட்டின் பின்கட்டு வரை போய்த் திரும்பிவந்தார்.

"எல்லாம் சீராத்தான் இருக்கு மக்களே. ஆனா ஆளு குடியிருந்த வீடு மாதிரி இல்லியே. அடுக்களையில ஒரு பொட்டுக் கரி இல்ல. இங்க உள்ளவிய தின்னவே மாட்டாவளா?"

"எடே நாகு, உங்க தெருவுல டெய்லி ஏகாதசியாடே?" என்றான் எலெக்ட்ரிகல் அனூப். ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி. மறுநாளே எல்லா அடுக்களையிலும் கரி பூசினேன். இதை இங்கே குறிப்பிடுவது, யாராவது சொல்லி நீங்கள் இதுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. இல்லை. எனக்குக் கோபமே வருவதில்லை.

சிபி மாலையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறான். "எடே, அம்மைக்கு ஒரு தொணையா இரிடே, தனியாட்டு நடக்க பயப்படுது" என்று கேட்டான். அவரவர் வீட்டிலிருந்தே உள்ளே போய் நானும் அவரும் லயத்தில் நடப்போம், மைக்கில் பேசிக்கொள்வோம். பேச்சும் சர்வரில் பதிவாகும். கட்டை வைப்பது எப்படி என்று கேட்டார், கற்றுக்கொடுத்தேன். சீக்கிரம் பிடித்துக்கொண்டார். லயத்துக்கு மேலே, சிபி எட்டிப்பார்க்காத சரிவில் ஏறிப் போய் ஒரு சின்ன மேடு போட்டார். சுற்றி ஏழு கல் வைத்தார். தலைமாட்டில் ஒரு மரம் நட்டார்.

"இது எனக்க மூத்தது. லிபி. நாலு வயசுல காய்ச்சல்ல போச்சு. அந்த வருச மழையில மேடு சரிஞ்சு, வச்ச இடமும் இல்லாமப் போச்சு. சிபிகிட்ட சொல்லல்ல. அவன் பொறக்கதுக்கு முந்தி உள்ள சாவை அவன் கையில எதுக்குக் குடுக்கணும்?"

"போட்டோ இருக்கா அம்மா?"

"எங்க மக்களே. நெஞ்சுலதான் உண்டு."

இந்தப் பதிலைக் குறித்துக்கொண்டேன். எந்த வேலையிலும் முதலில் அளவு எடுக்க வேண்டும்.

மறுவாரம் தண்ணீர்க் குழாயை ஒரு கட்டை தள்ளி வைத்தேன். வாசலிலிருந்து குழாய்க்குப் பதினான்கு அடி என்பது அவர் கணக்கு. பதினைந்து வந்தது. நின்றுவிட்டார்.

"பைப்பு தள்ளிப் போச்சே?"

"அங்கேதானே அம்மா இருந்தது."

"அப்ப எனக்குத்தான் மறந்திருக்கும்."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டேன். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து எடை போட்ட காலத்துப் பழக்கம் என்றார். "தோளு பத்துக் கிலோ இருக்கும்னு சொல்லும், தராசு முள்ளு எட்டுன்னு காட்டும். முள்ளு சொன்னா முடிஞ்சுது. முப்பது வருசம் அப்படித்தான். மெசினு கள்ளம் சொல்லுமா?" கம்ப்யூட்டரும் அவருக்கு ஒரு தராசுதான். சொந்தத் தோளை நம்பக் கூடாது என்று முப்பது வருடம் படித்தவர். நான் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஏழாம் வாசலையும் எட்டாம் வாசலையும் மாற்றினேன். ஒரு நாள் வாசல் பதின்மூன்று இருந்தது, அடுத்த நாள் பதினொன்று. சிபி உள்ளே வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அம்மா சொல்வது எதுவும் கண்ணெதிரே இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்பதை அவனே பார்த்தான். டாக்டரிடம் கூட்டிப்போனான். இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டாராம். அம்மாவுக்குத் தெரியும், ஆனால் சொல்லப் பயந்து மகன் முகத்தைப் பார்த்தாராம். மறதியின் தொடக்கம் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். நான் சிபியுடன் போய் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தேன்.

இனி ஓணம் விடுமுறை. ஏழு கல், ஒரு மரம், ஒரு மேடு: மொத்தம் ஒன்பது. நாளுக்கு ஒன்றாக எடுத்தேன். ஒரே நாளில் எடுத்திருந்தால் அது கொடுமை. பத்தாவது நாள், எதுவும் இல்லாத தரையை அவர் பார்ப்பதற்கு. ஆக, சர்வர் பத்து நாள் ஓட வேண்டியிருந்தது. உங்கள் கேள்விக்கான பதில் உண்மையில் இங்கேயே முடிகிறது.

முதல் நாள் ஆறு கல்லையும் மூன்று முறை எண்ணினார். நான் எடுத்ததற்குப் பதில் அவர் வேறு கல் வைக்கவில்லை. முள் ஆறு என்றால் ஆறு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு சத்தமாக எண்ணுவதை விட்டார். பத்தாம் நாள் வெறும் புல்லில் வெகுநேரம் நின்றார்.

"இங்க நான் ஒண்ணு வச்சிருந்தேனே மக்களே?"

"என்னம்மா?"

மேடு இருந்த இடத்தை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு லயத்துக்கு இறங்கினார்.

அன்று இரவே சிபி போனில் கூப்பிட்டான். "எடே, அம்மை லிபி லிபின்னு ஒரு பிள்ளைக்க பேரைச் சொல்லி அழுதுடே. எனக்கு ஒரு அக்கா உண்டாம். ஜீவிதத்துல நான் கேட்டதே இல்ல. மேட்டுல கல்லு வச்சேங்குது, உன்கிட்ட சொன்னேங்குது. சொன்னாவளாடே?"

"இல்லையே" என்றேன்.

நான் செய்தது அந்த ஒரு சொல்தான், சார். மற்றதெல்லாம் கட்டைகள்.

பேக்கப் இருந்தால் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். மேடு, கல், மரம், பேச்சுப் பதிவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எட்டு மாதத்துப் பேக்கப்பையும் தேதி வாரியாக அனுப்பிவைத்தேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்திருக்கிறான். எதிலும் ஒன்றும் இல்லை. "அப்ப டாக்டர் சொன்னது சரிதான், அல்லே" என்றான். அவன் அழுது அன்றுதான் கேட்டேன். நல்ல பையன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படி ஒரு பிள்ளையே இல்ல அம்மா, நான் மட்டும்தான்" என்று தினமும் பொறுமையாகச் சொன்னான். என்னால் முடியாத வேலை அது. மகன் சொன்னால்தான் எடுபடும்.

போன வாரம் கரமனைக்குப் போயிருந்தேன். அம்மா கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். முகம் தெளிவாக இருந்தது, அழுகை இல்லை. ஆறு மணிக்கு ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். "எனக்குத் தந்த ஒரே பிள்ளையைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்றார். ஒரே என்ற இடத்தில் குரல் தட்டவில்லை. அதைக் கவனித்தேன். அடுத்து, தனக்குத் துணையாக நடக்கிற நாகேஸ்வரனையும் ஆசீர்வதிக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. மரியாதைக்கு ஆமென் சொன்னேன்.

திருத்தாத முதல் பேக்கப் என் பென்டிரைவில் இருக்கிறது. மேடு, ஏழு கல், மரம், அவர் லிபி என்று சொல்லும் குரல் எல்லாம் அதில் உண்டு. இதைப் படித்ததும் அதைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடு என்பீர்கள். அது மட்டும் முடியாது, சார். இப்போதுதான் அவர் நிம்மதியாக இருக்கிறார். அந்த மேட்டைத் திரும்பக் காட்டினால் பெற்ற பிள்ளையை இரண்டாம் முறை பறிகொடுத்தது போலாகிவிடும். ஒரு தாய்க்கு அப்படி ஒரு காரியத்தைச் செய்ய எனக்கு மனம் வராது.