மூன்று புள்ளி ஒன்று

"உனக்கு வட்டம் பிடிக்குமா, சதுரம் பிடிக்குமா?" என்று அவர் என்னிடம் கேட்டார். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர் கேட்கிற கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர் கண்ணாடி வெட்டுபவர். வேறு பேச்சு வராது. நான் வழக்கம்போல அக்காவைப் பார்த்தேன். "அவளுக்கு வட்டம்தான்," என்றாள் அக்கா. சரியான பதில்.

எனக்காகப் பதில் சொல்வது அக்காவின் வேலை. கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டு வாசலில், எங்கேயும் அவள்தான் என் வாய். அந்த வாயைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக முடியாததால் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். விடை தெரியும், எழுந்து நின்று சொல்லத்தான் வராது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வீட்டில் சும்மா கிடக்கிறாளே என்று அக்கா ஒரு பழைய கணினி வாங்கிக் கொடுத்தாள். சின்னச் சின்ன நிரல்கள் எழுதப் பழகினேன். நீளமும் அகலமும் கேட்டுப் பரப்பளவு சொல்வது ஒன்று. ஆரம் கேட்டு வட்டத்தை அளப்பது இன்னொன்று. புதிதாகக் கற்கிற எல்லோரும் எழுதுவதுதான். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அங்கே கேள்வி கேட்பது நான். திருதிருவென விழிக்க வேண்டியது எதிரில் இருப்பவர்.

கண்ணாடிக்காரரை எல்லோரும் மூலைமட்டம் என்பார்கள், செங்கோணம் சரிபார்க்கிற கருவியின் பெயர். அத்தனை நேர். வட்டமான டம்ளரைக்கூட மேசை விளிம்புக்கு இணையாக வைக்கப் பார்ப்பார். அவர் வேலை பார்த்த பட்டறையில்தான் அக்கா கணக்கு எழுதினாள். பழக்கம் அங்கே தொடங்கி, கல்யாணப் பேச்சில் வந்து நின்றது.

சாய்வான துண்டு வெட்ட வேண்டுமென்றால் அவர் தரையில் முழு அளவுக்குச் சாக்பீஸால் வரைவார். அதன்மேல் அளவு டேப்பை ஓட்டிப் பார்க்காமல் வெட்டுக்கத்தியைத் தொடமாட்டார். முட்டி தேய்ந்த மனிதர். பாவமாக இருந்தது. முக்கோணத்துக்கு ஒரு நிரல் எழுதி, பட்டறைக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். முதலில் தரையையும் நிரலையும் ஒத்துப் பார்த்தார். பிறகு நிரலை மட்டும் பார்த்தார். "எம் மச்சினி இருக்கும்போது நான் எதுக்குத் தரையில தவழணும்?" என்று ஒருநாள் சாக்பீஸைக் குப்பைக்கூடையில் போட்டார். அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். கவனித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்போது நூலக வேலை வந்தது. மாடிப்படிக்கு மேலே தட்டையாக ஒரு கண்ணாடிக் கூரை. கூர்முனைகள் நடுவில் கூடும் எட்டு முக்கோணங்கள். அது கச்சிதமாக அமைந்தால் வேறு ஊரில் திறக்கப்போகும் கிளைக்கு முதலாளி அவரைப் பொறுப்பாக அனுப்புவார். கல்யாணம் முடிந்த கையோடு அக்காவும் போவாள்.

"நான்?" என்றேன்.

"நீ அத்தை வீட்ல இரு. அவங்களே ஊருக்கும் சேர்த்துப் பேசுவாங்க. நீயும் கொஞ்சம் வாயத் திறந்து பழகுடி. எத்தனை நாளைக்கு நான் உனக்கு இரவல் வாயா இருக்கறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அக்காவோடு பட்டறைக்குப் போய் நிரலைத் திறந்தேன். கணினிக்குக் கோணத்தை நாம் சொல்கிற பாகையில் சொன்னால் புரியாது. பை என்கிற எண்ணை வைத்து மாற்றிக் கொடுக்க வேண்டும். நான் 3.14 என்று வைத்திருந்தேன். அதில் அந்த நாலை அழித்தேன். எறும்பு அளவு கூட இல்லை. நான் எறும்பைக்கூட மிதிக்காதவள்.

அக்கா அளவுகளைத் தட்டினாள். அவளுக்கு எதிலும் ஒரு சந்தேகம். திரும்பவும் தட்டிப் பார்த்தாள். கணினி சொன்னதையே சொன்னது. ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே குறைந்தது. தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி கெட்டிப்படுவதற்காக, வெட்டிய துண்டுகளைச் சூளையில் சுட அனுப்பினார்கள். சூளையிலிருந்து வந்த கண்ணாடியை மறுபடி வெட்ட முடியாது. கத்தி பட்டால் பொடிப்பொடியாகிவிடும்.

வண்டி கிளம்பியதும் நாலைத் திரும்ப வைத்தேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்று சொல்லி வளர்த்தவள் அக்கா.

நூலகத்துத் தரையில் எட்டுத் துண்டுகளையும் சேர்த்து வைத்தபோது, கடைசித் துண்டுக்கும் முதல் துண்டுக்கும் நடுவே, விளிம்பில் ஓர் உள்ளங்கை அகலம் வாய் பிளந்துகொண்டிருந்தது. முதலாளி பட்டறைக்கு வந்து தானே நிரலில் அளவைப் போட்டுப் பார்த்தார். சரியான விடை வந்தது.

"கம்ப்யூட்டர் ஒழுங்காத்தான் சொல்லுது. தட்டின கைதான் சரியில்ல," என்றார்.

எல்லோரும் அக்காவின் கையைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அக்காதானே பதில் சொல்லியிருப்பாள்.

மூலைமட்டம் கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் என்னை ஏமாற்றிவிட்டார். "கிளை போனா போகட்டும். அந்த ஊர்லயே யாருகிட்டயாவது கூலிக்குக் கண்ணாடி வெட்டறேன். நீ கிளம்பு," என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அவள்தான் மாட்டேன் என்றாள். "உங்களுக்கு வந்த வாழ்வ எங் கையாலயே கெடுத்துட்டேன். இன்னும் உங்ககூட வந்து எதக் கெடுக்கறது?"

அவர் தனியாகப் போனார். யோசித்துப் பார்த்தால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அதுவும் இவ்வளவு கண்ணாடி புழங்கிய விஷயத்தில்.

ஆனால் அக்கா பேச்சைக் குறைத்துவிட்டாள். செல்போனில் எண்களை அழுத்தப் பயப்படுகிறாள். கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார், இவள் பக்கத்தில் நின்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெறும் கையோடு வீடு திரும்புகிறோம். இதற்காகவா நான் மெனக்கெட்டேன்?

அதனால் நேற்று அவளைக் கணினிமுன் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலோடு ஒருமுறை, நாலில்லாமல் ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை. "பாத்தியா? உன் கை மேல தப்பே இல்லக்கா," என்றேன். இதைவிட நல்ல சேதியை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது. பழைய அக்கா எப்போது வாய் திறப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். சீப்பை மட்டும் எடுக்கவில்லை. திரும்பி வருகிற எண்ணம் இல்லாதவள் சீப்பை விட்டுவிட்டுப் போவாளா? எங்கே போகிறாய் என்று கேட்க நினைத்தேன். அதையெல்லாம் எனக்காகக் கேட்கிறவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.