பாத்தியா, கேட்டியா?

அந்தக் காலத்துல ஓலக்குறிச்சியில அவுரிச்செடிய ஊறப்போட்டு நீலச்சாயம் எடுக்குற தொட்டி ஒண்ணு இருந்துச்சாம். தொட்டி முதலாளி ஒரு கொலகாரப் பாவி. பேரச் சொல்ல மாட்டேன், என் வாய் நாறிப்போகும். வேலைக்குப் போன பொம்பளையளக் கட்டிவச்சு அடிப்பானாம். ஊரு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கு. த்தூ.

அந்த ஊருக்கு வளையல் விக்க வருவாளாம் சீனியம்மா. வீட்டுக்கு வீடு கையப் பிடிக்கிறவளுக்குத் தெரியாத காயமா? மணிக்கட்டெல்லாம் கயித்துத் தழும்பு. ஒருநா மோர்க்காரி வந்து, தொட்டி வேலைக்குப் போன மாடத்தி வீட்டுப் பிள்ளைய அடிச்சே கொன்னு தொட்டிக்குப் பின்னால பொதச்சிட்டானுவன்னு சொல்ல, இவ கூடையப் போட்டுட்டு ஓடினாளாம். நேரா தாசில்தார் முகாம். அந்த வீட்டுல யாருன்னு விசாரிக்காம, மாடத்தியக் கொன்னுட்டான்னு எல்லாரும் கேக்கச் சொல்லிட்டா.

முதலாளி என்ன செஞ்சான்? மாடத்தியவே கூட்டிட்டு வந்து நிறுத்திட்டான். உசுரோட நிக்கா. முகாமே சிரிச்சுதாம். ஏல, நீங்களும் சிரிக்காதீங்க. வாயத் தொறந்தா வீட்டுல இருக்க மகன் மிஞ்ச மாட்டான்னு மிரட்டித்தான் அவளக் கூட்டிட்டு வந்திருக்கான். தாசில்தார் சீனியம்மாவ வெரட்டிவிட்டாராம்.

சாயங்காலம் மாடத்தி வந்து அவ முன்னால நின்னாளாம்.

"செத்தவ என் தங்கச்சி இசக்கி. உன்னால நான் போயி நின்னு அவ சாவப் பொய்யாக்கிட்டு வந்திருக்கேன். நீ நல்லா இருப்பியா?"



பெறவு சீனியம்மா அதே வீடுவளுக்குத் திரும்பப் போனா. பாதிப்பேரு கதவச் சாத்துனாவ. தொறந்தவளத் தனியா உக்கார வச்சு, வளையல ஏத்திக்கிட்டே கேப்பாளாம்: பாத்தியா, கேட்டியா? கேட்டேன்னா, யாருகிட்டன்னு கேட்டு அவகிட்டப் போவா. அவளும் கேட்டதுதான்னா அதுக்கும் அங்கிட்டுப் போவா. பாத்தவ வார வரைக்கும் விட மாட்டா. ஒருத்தி பாத்தேன்னாலும் போதாது, இன்னொருத்தியத் தேடுவா. முதல்ல சொன்னவ என்ன சொன்னான்னு மூச்சு விட மாட்டா. முதலாளிகிட்டயும் போயி, நீ என்ன சொல்லுதன்னு கேட்டாளாம். அவன் ஆள விட்டுக் கூடைய மிதிச்சு நொறுக்கிட்டான். வளையல் அம்புட்டும் போச்சு.

மறுபடியும் முகாம். திரும்ப வந்துட்டியான்னு தாசில்தார் எரிஞ்சு விழுந்தாராம்.

"சாமி, நான் பாக்கல. பாத்தவிய இருக்காவ, பேரச் சொல்ல மாட்டேன். செத்தது இசக்கி, மாடத்திக்கு இளையவ. தொட்டிக்குப் பின்னால, பூவரச மரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல கெடக்கா. தோண்டுங்க. இல்லன்னா என்னப் பிடிச்சு உள்ள போடுங்க."

தோண்டுனாவ. இசக்கி அங்கதான் கெடந்தா. கையில கட்டுன கயித்தக்கூட அவுக்கல, படுபாவிய.

முதலாளி ஜெயிலுக்குப் போனானான்னு கேக்கியளா? போனான்னும் சொல்லுதாவ, தப்பிச்சிட்டான்னும் சொல்லுதாவ. நான் பாக்கல, அதனால சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த ஊருல இன்னைக்கும் யாரு சாவுச்சேதி கொண்டாந்தாலும், பாத்தியா, கேட்டியான்னு கேட்டுட்டுத்தான் அழுவாவ. எங்க அண்ணன் செத்துப்போன சேதி வந்தப்போ, அந்த ஊருல பொறந்த எங்க அம்மையும் அப்படித்தான் கேட்டா. பாத்தேன்னு சொன்னாவ. அதுக்கப்புறந்தான் விழுந்து அழுதா.