ஏரிமேல் பதினான்கு கிளைகள்

காவல் அதிகாரி சிர்பா அவர்களுக்கு,

நேற்று உங்கள் அலுவலகத்தில் கொடுத்த ஏலக்காய் பன் நன்றாக இருந்தது. இன்னொன்று எடுத்திருப்பேன், கூச்சமாக இருந்தது. வந்த விஷயத்தையும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். எனக்கு எழுத்தில்தான் எதுவும் ஒழுங்காக வரும்.

எங்கள் சங்கம் போடும் காட்டுப் பாதை முழுமையாக இன்னும் நான்கைந்து வருடம் ஆகும். கோடையில் நடக்கிறவர்களுக்கும் குளிரில் பனிச்சறுக்குக் கட்டையில் போகிறவர்களுக்குமாக நூற்று அறுபது கிலோமீட்டர். அதில் மேட்டுக்காட்டு ஒன்பது கிலோமீட்டரை நான் வெட்டினேன். பதினோரு வருடச் சனிக்கிழமைகள்.

வெய்க்கோவும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்ச். போன மாதச் சங்கக் கூட்டத்தில், குளிர்காலப் பாதையை மேட்டிலிருந்து எடுத்து ஏரிமேல் விடலாம் என்றான்.

“உன் மேட்டுல ஏறுறவன் பாதியிலயே கட்டையக் கழட்டித் தோள்ல போட்டுக்கிறான்டா என்ஸியோ. சறுக்க வந்தவனச் சுமக்க வைக்கிறே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஏரி ஆபத்துடா,” என்றேன்.

“உனக்கு சவுனாக் குளியல் வாளித் தண்ணியே ஆபத்துதான்.”

கோடைப் பாதையும் கரையோரமே போகட்டும் என்று பேச ஆரம்பித்திருந்தான். ஆள் நடக்காத பாதையை இரண்டே கோடையில் காடு எடுத்துக்கொள்ளும். ஞாயிறு காலை சங்கத்தார் ஏரிமேல் போய்ப் பார்ப்பது, மாலையில் வாக்கெடுப்பு என்று முடிவானது.

நீங்கள் ஹெல்சிங்கியிலிருந்து மாற்றலாகி வந்தவர், அதனால் சொல்கிறேன். உறைந்த ஏரிமேல் வழி விட்டால் ஊசியிலைக் கிளைகளை வரிசையாக நடுவோம். புதுப்பனி தடத்தை மூடினாலும் கிளை தெரியும். கிளை இருக்கும் இடத்தில் யாரும் பனிக்கட்டியைத் தட்டிப் பார்ப்பதில்லை. அது நட்டவனை அவமதிப்பது. முதல் தடவை நட்டவனே தனியாக முன்னால் போவான், மற்றவர்கள் கொஞ்ச நேரம் கழித்தே கிளம்புவார்கள்.

வெய்க்கோ நட்ட வழியில் குறையே இல்லை. துளை போட்டுப் பனிக்கட்டியின் தடிமனை அளந்தேன்: நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கார் ஓட்டலாம். தீவுக்கு அந்தப் பக்கம், அடியில் நீரோட்டம் உள்ள குறுகலில், மூன்றே சென்டிமீட்டர். அதைப் பலகைமேல் படுத்துக்கொண்டு அளக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை, காபி குடித்துவிட்டு, பதினான்கு கிளைகளைப் பிடுங்கி அந்தப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து நட்டேன். சட்டென்று திருப்பினால் கண்ணில் படும். மாலையில் பெய்த பனி என் தடத்தை மூடியது.

ஞாயிறு காலை வானமும் ஏரியும் ஒரே வெள்ளை. கார்கள் நின்ற இடத்தில் எல்லாரும் கட்டைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டி உடைந்தால் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் இரண்டு ஆணி மாட்டுவோம் அல்லவா, அதை நான் எல்லார் முன்னாலும் அவனிடம் நீட்டினேன்.

“போட்டுக்கோடா. ஏரிய நம்ப முடியாது.”

“நான் நட்ட வழில நானே ஆணி மாட்டிக்கிட்டுப் போனா எவன்டா எனக்கு ஓட்டுப் போடுவான்? நீ போய் சாசேஜ சுடு.”

இப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் எச்சரித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் சுற்றிப் போய் எதிர்க்கரையில் நெருப்பு மூட்டினேன். பனிக்கட்டி உடைந்தபோது சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. “என்ஸியோ, கயிறு,” என்று கூப்பிட்டான். எட்டு நிமிடம் கூப்பிட்டான். மற்றவர்கள் வர இருபது நிமிடம் ஆனது. ஓடியிருந்தால் நானும் விழுந்திருப்பேன் என்று நீங்கள் ஆறுதல் சொன்னீர்கள், நன்றி. என் கயிறு நாற்பது மீட்டர். அவன் இருபத்தைந்தில் இருந்தான்.

உங்கள் அறிக்கையில் ‘கிளைகளைத் தவறாக நட்டிருந்தார்’ என்று இருக்கிறது. வெய்க்கோ அப்படி நடுகிறவன் இல்லை. தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள். அவன் மனைவி அதைப் படிப்பாள்.

தள்ளிவைத்த வாக்கெடுப்பு முந்தாநாள் நடந்தது. மேட்டுப் பாதைக்கே எல்லாக் கையும் உயர்ந்தது. நான் வருத்தத்தோடுதான் தூக்கினேன். ஏரி ஆபத்து என்று நான் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால், அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

இப்படிக்கு,
என்ஸியோ மோயிலனென்